தொழுநோயால் மடங்கிய கைகள்: வேலூரில் நடந்த ரண சிகிச்சை ஆராய்ச்சி

கிராமத்தில் உழைத்துப் பிழைப்பவனுக்கு அவனுடைய இரு கைகளே முதற் சொத்தாகும். நிலம் அடமானத்திற்குப் போனால் மீட்கலாம். உழவு மாடு மடிந்தால் சங்கத்தில் கடன் பெற்று வேறொன்று வாங்கலாம். தொழுநோயினால் கை மடங்கிப் போனால் அதற்குப் பரிகாரமே இல்லை என்று ஜனங்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். வைத்தியர்களில் அநேகரும் அவ்வாறே கருதினர். அந்த அபிப்பிராயம் தவறு என்பதை நிரூபித்த ஆராய்ச்சி வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் நடந்தது. அதன் விவரத்தை அறிந்துகொள்வது கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் பிரயோஜனமாகும்.

வைத்தியசாலையின் வரலாறு

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய சிறு வைத்தியசாலை இது. 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி இதனுடன் சேர்ந்தது. 1947 முதல் ஆண் மாணவர்களும் அனுமதிக்கப்பட்டனர். ரண சிகிச்சை நிபுணரான டாக்டர் பால் பிராண்டு 1946-இல் இங்கே ஆசிரியராக வந்து சேர்ந்தார். தொழுநோய் நிபுணரான டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் ஆசிரமத்திற்கு அழைத்துச் சென்று காட்டினார். கழுகின் நகங்களைப் போல் விரல்கள் மடங்கிய நோயாளி ஒருவரின் கையைப் பிராண்டு பற்றி, தம் கையை இறுக்கிப் பிடிக்கும்படி சொன்னார். செயலற்றது என்று கருதப்பட்ட அந்தக் கை, அவருக்கு வலி உண்டாகும்படி இறுகப் பிடித்தது. விரல்களை மடக்கும் தசைகள் நல்ல பலத்துடன் இருக்கின்றன என்பதை அவர் அப்போதே உணர்ந்தார். அப்படியானால் கெட்டுப்போனது எது என்ற கேள்வியே ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

கை மடங்குவது ஏன்?

தொழுநோயை உண்டாக்கும் கிருமியை 1873-இல் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் கண்டறிந்தார். இக்கிருமி தேகத்தின் குளிர்ந்த பாகங்களில் செழித்து வளர்வது. ஆகையால் தோலையும், தோலுக்கு அருகாகச் செல்லும் நரம்புகளையும் அது முக்கியமாகத் தாக்குகிறது. முழங்கையின் உட்புறத்தில் அடிபட்டால் சுண்டுவிரல் வரையில் சுரீரென்று ஓர் உணர்ச்சி பாய்வதை யாவரும் அறிவர். அவ்விடத்தில் தோலை ஒட்டியே ஒரு நரம்பு செல்கிறது. நோய் அந்நரம்பைக் கெடுக்கும்போது, அதற்குக் கீழே உள்ளங்கையிலிருக்கும் சிறு தசைகள் செயலிழக்கின்றன. சுண்டுவிரலிலும் அதனை அடுத்த விரலிலும் உணர்ச்சி மறைகிறது. மணிக்கட்டருகே செல்லும் வேறொரு நரம்பும் கெட்டால், கட்டைவிரலும் மற்ற விரல்களும் அவ்வாறே ஆகின்றன. முன்கையின் பெருந்தசைகளுக்கு நரம்புக் கிளைகள் ஆழத்தில் பிரிந்து செல்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சிறு தசைகள் ஓய்ந்து பெருந்தசைகள் மாத்திரம் இழுப்பதனாலேயே விரல்கள் வளைந்து விடுகின்றன.

விரல்கள் குறைவது ஏன்?

நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. வேலூர் வைத்தியர்கள் நோயாளிகளின் விரல்களைச் சோதித்தும், புண் உண்டாகும் ஒவ்வொரு தடவையும் அதன் காரணத்தை விசாரித்தும் வந்தனர். கொதிக்கும் பாத்திரத்தைத் துணியின்றி இறக்கியது, கரடுமுரடான மண்வெட்டிப் பிடியை நாள் முழுவதும் அழுத்திப் பிடித்தது, புகைக்கும் பீடி விரலைச் சுட்டது ஆகியவை போன்ற சாதாரணக் காரணங்களே வெளிப்பட்டன. உறங்கும்போது எலி கடித்தும் விழிக்காமல் விரலை இழந்தவர்கள் உண்டு என்று பிராண்டு தம் நூலில் எழுதியிருக்கிறார். அவர்களுக்குக் காவலாகப் பூனைகள் கொடுக்கப்பட்டனவாம். வலி தெரியாததால் காயம் கவனிக்கப்படாமல் புண்ணாகி, புண் எலும்பு வரையில் சென்று, விரல் சிறிது சிறிதாகக் குறைகிறது. வலி நமக்குச் செய்யும் காவல் வேலையை இந்த ஆராய்ச்சி தெளிவாக எடுத்துக் காட்டிற்று. காயத்தைத் தடுத்தால் விரல் நிற்கும் என்பதே அதனால் கிடைத்த முடிவு.

ரண சிகிச்சையின் முறை

அக்காலத்தில் பொது வைத்தியசாலைகளில் தொழுநோயாளிகளைச் சேர்ப்பது அரிது. அவர்களுடைய சதையில் கத்தி வைத்தால் ஆறாது என்ற எண்ணமும் இருந்தது. 1948-இல் வேலூரில் கைகளை மீட்டமைக்கும் சிகிச்சை தொடங்கப்பட்டு, காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின. உலகில் தொழுநோயாளிகளுக்கு இத்தகைய சிகிச்சை நடந்தது இதுவே முதல் தடவை என்று அக்கல்லூரியின் வரலாறு கூறுகிறது.

ஒரு வாய்க்கால் வறண்டு வயல் காயும்போது, நீருள்ள வேறொரு வாய்க்காலிலிருந்து கிளை வெட்டி விடுவது விவசாயிகளுக்குத் தெரிந்த முறை. இச்சிகிச்சையும் அதுபோன்றதே. தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிறு போன்ற பாகத்திற்குத் தசைநாண் என்று பெயர். ஒவ்வொரு விரலையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு நாண்கள் வருகின்றன. ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றொன்று அவ்வேலையைச் செய்யும். ஆகவே ஒரு விரலின் நாணை எடுத்துக் கிளைகளாகப் பிளந்து, உள்ளங்கை வழியாகச் செலுத்தி, ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொரு விரலின் பக்கத்தில் தைத்துவிடுகின்றனர். இதனால் விரலின் அடிமூட்டு மடங்கவும் நுனி மூட்டுகள் நிமிரவும் கூடுகிறது. பிற்பாடு பிராண்டு, மணிக்கட்டை உயர்த்தும் தசையொன்றை எடுத்து, காலிலிருந்து பெற்ற மெல்லிய நாணால் அதை நீட்டி, நான்கு விரல்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் முறையையும் வகுத்தார்.

சிகிச்சைக்குப் பின் சுமார் மூன்று வாரங்கள் கை மாக்கட்டில் இருக்கும். அதன் பின்னர் பல வாரப் பயிற்சி அவசியம். முன்பு வேறு வேலை செய்த தசை தன் புதிய வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டுமல்லவா? பயிற்சியின் முடிவில் நோயாளி சோற்றைப் பிசைந்து உண்ணவும், பேனா பிடிக்கவும், கருவிகளைக் கையாளவும் வல்லவராகிறார். ஆயினும் இழந்த உணர்ச்சியை இச்சிகிச்சை திருப்பித் தருவதில்லை. ஆகையால் நோயாளி தம் கைகளை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிப்பது ஆயுள் முழுவதும் வேண்டும் வழக்கமாகும்.

சிகிச்சைக்குப் பின் வாழ்க்கை

கை நிமிர்ந்தவுடன் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. கை சீரானபின் பிச்சை கிடைப்பதில்லை என்றும், வேலை கொடுப்பார் யாருமில்லை என்றும் சிலர் முறையிட்டதாகப் பிராண்டு எழுதுகிறார். இதை உணர்ந்தே வேலூரில் புதுவாழ்வு நிலையம் அமைக்கப்பட்டு, தச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்று மெல்லிய நுண்துளை ரப்பரால் ஆன செருப்பு அக்காலத்தில் உருவாயிற்று, எம்.சி.ஆர். செருப்பு என்று அது இன்றும் வழங்குகிறது. கால் புண்ணுக்கு மாக்கட்டுப் போட்டு அழுத்தத்தைக் குறைக்கும் முறை, நீரிழிவால் உணர்ச்சி இழந்த பாதங்களுக்கும் பல தேசங்களில் கையாளப்படுகிறது.

இன்றைய நிலை

1981-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. நோயின் அளவுக்கேற்ப 6 மாதங்களோ 12 மாதங்களோ மருந்து உண்டால் நோய் முற்றும் குணமாகும். அம்மருந்து அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து உண்ணத் தொடங்கியவர் நோயைப் பரப்பும் தன்மையை விரைவில் இழந்துவிடுகிறார். 2005-ஆம் ஆண்டின் முடிவில் இந்தியாவில் இந்நோய் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலை எட்டப்பட்டது. எனினும் நோய் ஒழிந்துவிடவில்லை. சமீப ஆண்டுகளில் இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 லட்சம் புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டு வருகின்றனர். உலகில் காணப்படுவோரில் இது பாதிக்கு மேல். தொழுநோயாளிகளை ஒதுக்கி வைக்க வகைசெய்த 1898-ஆம் வருஷத்துச் சட்டம் 2016-இல் ரத்தாயிற்று. 2019-இல் இந்நோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் விதிகளும் நீக்கப்பட்டன.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

ரண சிகிச்சை கடைசி உதவியாகும். அதற்கு முன் கிராமத்திலேயே செய்யக்கூடியவை பல.

(1) உணர்ச்சியற்ற தேமல் எவருக்கேனும் கண்டால், வெட்கத்தால் மறைக்க விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். அவருடன் வசிப்பவர்களையும் சோதிக்கச் செய்வது நலம். நோய் வராமல் காக்க அவர்களுக்கு ஒரே வேளை மருந்து கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

(2) கையோ காலோ புதிதாக மரத்துப் போனால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஆறு மாதங்களுக்குள் தகுந்த மருந்து பெற்றால் நரம்பு பலருக்கு மீளுகிறது.

(3) உணர்ச்சி குன்றிய கைகளைத் தினந்தோறும் சுமார் இருபது நிமிஷம் நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரல்களை மற்றக் கையால் நிமிர்த்திப் பழக்க வேண்டும். மூட்டுகள் இறுகிவிட்டால் ரண சிகிச்சை கடினமாகும்.

(4) மண்வெட்டி, அரிவாள் ஆகியவற்றின் பிடிகளைத் தடிப்பாக்கித் துணி சுற்றிக் கொடுக்க வேண்டும். அடுப்படியில் கைத்துணியின்றி வேலை செய்யலாகாது.

(5) குணமடைந்து திரும்பியவருக்குச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேரவும், தொழிற் கருவிகளுக்குக் கடன் பெறவும், விளைபொருளை மற்றவர்களைப் போல் விற்கவும் தடை இருத்தல் கூடாது.

இவற்றுள் ஐந்தாவது எந்த வைத்தியராலும் செய்ய இயலாதது. வைத்தியசாலை விரல்களை நிமிர்த்திக் கொடுக்கும். அவ்விரல்களுக்கு வேலையும் கூலியும் கொடுக்க வேண்டியது கிராமமே. ஒரு சங்கம் தன் எல்லைக்குள் அப்படிப்பட்ட ஒருவருக்கு மறுபடியும் கணக்குத் திறந்து கொடுக்குமாயின், அந்தச் சிகிச்சையின் பயன் அன்றே பூர்த்தியாகும்.