உங்களுக்குத் தெரியுமா? சைக்கிள் பெடலைச் சுற்றி வளர்ந்த நாயகன்!

தமிழ் சினிமாவையே முழுநீளம் கிண்டலடித்த ‘தமிழ்ப்படம்’ 2010 ஜனவரியில் வந்தது. இயக்கம் சி.எஸ். அமுதன், நாயகன் சிவா. படத்தில் வரும் சினிமாப்பட்டி கிராமத்தில் ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடுவார்கள். பெண் சிசுக்கொலையைப் பேசிய ‘கருத்தம்மா’வைத் (1994) தலைகீழாக்கிய தொடக்கம் இது. பாட்டி பரவை முனியம்மா காப்பாற்றிய பேரன், சைக்கிள் பெடலைச் சுற்றியே வாலிபனாகிவிடுகிறான்.

அவனுடைய தோழர்களின் பெயர்கள் நகுல், பரத், சித்தார்த். ‘பாய்ஸ்’ (2003) பையன்களில் மூவரின் நிஜப் பெயர்கள்! ஆனால் நடித்தவர்கள் மனோபாலா, எம்.எஸ். பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி. அந்த வயசான முகங்களைக் கல்லூரி மாணவர்களாகக் காட்டியதுதான், எனக்கு, படத்தின் உச்சம். ‘ஓ மகசீயா’ பாட்டோ, பழைய சினிமாப் பாட்டுகளின் பொருளில்லாச் சொற்களைக் கோத்த மாலை.

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகப் பக்கம் சினிமா பேசுகிறவர்களுக்கு இதற்கெல்லாம் விளக்கவுரை வேண்டாம். தெலுங்கு பேசும் நம் ஏனாம்காரர்களுக்கு? 2012-ல் இதே படம் தெலுங்கில் அல்லரி நரேஷ் நடிக்க ‘சுடிகாடு’ ஆனது. இந்த முறை கிண்டலுக்கு ஆளானவை தெலுங்குப் படங்கள். தமிழில் இரண்டாம் பாகம் 2018-ல் வந்தது.