பல் பார்த்து வாங்க வேண்டியது மாடு மட்டும்தானா?
பீகிள் வளர்ப்பும் நாய் கண்காட்சியும்

மாட்டுச் சந்தைக்குப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. சுழி பார்ப்பார், திமில் பார்ப்பார், நாலு எட்டு நடத்திக் காட்டச் சொல்வார். கறவை மாடு என்றால் மடியையும் காம்பையும் தொட்டுப் பார்ப்பார். தாய் மாடு எத்தனை லிட்டர் கறந்தது என்று விசாரிப்பார். அதே வீட்டுக்கு நாய்க்குட்டி வாங்கும்போது இந்த விசாரணை எதுவும் நடப்பதில்லை. செல்போனில் ஒரு படம் வருகிறது. தொங்கும் காதும் கெஞ்சும் கண்களும் பிடித்துப்போகின்றன. பணம் கைமாறிவிடுகிறது.

இப்படிப் படத்தைப் பார்த்து வாங்கப்படும் இனங்களில் ஒன்று பீகிள். நகரத்து அடுக்குமாடி வீடுகளிலும், இப்போது தோட்டத்து வீடுகளிலும் இதைப் பார்க்க முடிகிறது. பீகிள் வாங்கியவர்களில் சிலர் நண்பர் அழைத்தார் என்றோ மருத்துவர் சொன்னார் என்றோ ஒரு நாய் கண்காட்சிக்குப் போகிறார்கள். நாய்களுக்கான அழகிப் போட்டி என்ற எண்ணத்தோடுதான் பலரும் உள்ளே நுழைகிறார்கள். ரிங் ஓரமாக அரை நாள் நின்று கவனித்தால் வேறொன்று புரியும். சந்தையில் நாம் மாட்டிடம் பார்ப்பதைத்தான் அங்கே நடுவர் நாயிடம் பார்க்கிறார்.

முயல் வேட்டைக்கு வளர்த்த மூக்கு

பீகிளின் தாயகம் இங்கிலாந்து. முயலின் தடத்தை மோப்பம் பிடித்துக் கூட்டமாகத் துரத்துவதற்காக உருவாக்கப்பட்ட இனம் இது. வேட்டைக்காரர்கள் குதிரையில் போகாமல் பெரும்பாலும் நடந்தே பின்தொடர்ந்ததால், சிறிய உடலும் நாள் முழுக்க ஓடும் தெம்பும் உள்ள நாயைத் தேர்ந்து பெருக்கினார்கள். பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பின் தர வரையறைப்படி பீகிளின் உயரம் 33 முதல் 40 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 10 கிலோ.

வேளாண்மைக்கும் இந்த நாய்க்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1984இல் அமெரிக்க வேளாண் துறை லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பீகிள்களைப் பணியில் இறக்கியது. பயணிகளின் பெட்டிகளில் ஒளித்துக் கொண்டுவரப்படும் பழம், இறைச்சி, செடி ஆகியவற்றை மோப்பம் பிடித்துக் காட்டுவது அவற்றின் வேலை. ஒரு பெட்டியில் இருக்கும் ஒரு மாம்பழத்துக்குள் பழ ஈயின் புழு இருந்தால் போதும், ஒரு பகுதியின் தோட்டங்களுக்கே புதிய பூச்சி வந்துவிடும். பீகிளின் மூக்கு கூர்மையானது. குணம் சாதுவானது. உருவம் சிறியது என்பதால் பயணிகள் மிரள்வதில்லை. தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும். இந்த நான்கு காரணங்களால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வீட்டில் நமக்குத் தொல்லை தருவதும் இதே குணங்கள்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு வாசனை மூக்கில் ஏறிவிட்டால் பீகிளின் காது கேட்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. வேலி இல்லாத இடத்தில் கயிறு இல்லாமல் விடக் கூடாது. வேலிக்கு அடியில் மண்ணைத் தோண்டி வெளியேறவும் முயலும். கூட்டமாக வாழ்ந்த இனம் என்பதால் தனிமை பிடிக்காது. பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் விட்டால் நீளமாக ஊளையிடும், அக்கம்பக்கத்தார் புகார் சொல்வார்கள். காவலுக்கு வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். புதியவரைக் கண்டு குரைத்தாலும் அடுத்த நிமிடம் வாலாட்டும் நாய் இது.

அடுத்தது தீனி. பீகிளுக்குப் போதும் என்பது தெரியாது. வீட்டில் மிஞ்சியதையெல்லாம் போட்டால் ஓரிரு ஆண்டுகளில் உருண்டுவிடும். பிறகு மூட்டுவலியும் முதுகுத்தண்டுப் பிரச்சினையும் வரும். வளர்ந்த நாய்க்கு அளந்து இரண்டு வேளை கொடுத்தால் போதும். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது, ஆனால் கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். இதுவே சரியான உடல்வாகு. வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவற்றைத் தரவே கூடாது.

தோட்டத்தில் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எலி மருந்து, விதை நேர்த்தி செய்த விதை, பூச்சிக்கொல்லி கலந்த வாளி எதுவும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது. ஆமணக்குப் பிண்ணாக்கு நாய்களுக்குக் கொடிய நஞ்சு. எலும்புத் தூளோடு கலந்து வைத்தால் அந்த வாசனைக்கே நாய் தேடிப்போகும். உரக் கொட்டகைக்குக் கதவு போட்டுத் தாழிட்டு வைப்பதே பாதுகாப்பு.

தொங்கும் காதுக்குள் காற்றோட்டம் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் அழுக்கும் பூஞ்சையும் சேரும். வாரம் ஒருமுறை காதைத் தூக்கிப் பார்த்து, கெட்ட வாடையோ பழுப்புக் கசிவோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். புல்லில் முகர்ந்து திரியும் நாய் என்பதால் உண்ணி ஏறும், உண்ணிக் காய்ச்சலும் வரும். நடைப்பயிற்சியைக் காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வைத்துக்கொள்வது நல்லது.

ரிங்குக்குள் நடப்பது என்ன?

1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த நாய் கண்காட்சியில் பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வகை வேட்டை நாய்கள் மட்டுமே கலந்துகொண்டன. புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சி 1891இல் தொடங்கியது லண்டனின் ராயல் அக்ரிகல்ச்சுரல் ஹால் என்ற வேளாண் அரங்கில். நல்ல கால்நடையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தையே நாய்க்கும் கொண்டுவந்தார்கள்.

கண்காட்சியில் ஒரு நாய் பக்கத்தில் நிற்கும் நாயோடு மட்டும் ஒப்பிடப்படுவதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் எழுதிவைத்த தர வரையறை உண்டு. அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே கேள்வி. பீகிளை மேசை மேல் நிறுத்தி நடுவர் கையால் சோதிப்பார். மேல்பற்கள் கீழ்ப்பற்களை ஒட்டி கத்தரிக்கோல் போல மூடுகின்றனவா, காதை இழுத்தால் ஏறக்குறைய மூக்கு நுனிவரை வருகிறதா, முதுகு மட்டமாக இருக்கிறதா, விலாக்கூடு பின்னோக்கி நன்றாக நீண்டிருக்கிறதா, பாதம் இறுக்கமாக இருக்கிறதா, ஆண் நாய்க்கு விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார். வால் உயர்ந்து நிற்க வேண்டும், முதுகு மேல் சுருளக் கூடாது, நுனி வெள்ளையாக இருக்க வேண்டும். பிறகு நேர்கோட்டிலும் வட்டமாகவும் ஓடவிட்டு நடையைக் கவனிப்பார்.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. விலாக்கூடு நீண்டிருந்தால் நுரையீரலுக்கு இடம் கிடைக்கும், நெடுநேரம் ஓடலாம். பாதம் விரிந்த நாய் கரடுமுரடான நிலத்தில் சீக்கிரம் நொண்டும். உயர்ந்த புல்லுக்குள் நாய் மறைந்தாலும் வெள்ளை வால்நுனி தெரியும்.

ஆண், பெண் தனியாகவும் வயதுவாரியாகவும் முதலில் பார்க்கிறார்கள். அதில் வென்றவை தங்கள் இனத்தின் சிறந்த நாய் என்ற தேர்வுக்குப் போகின்றன. பிறகு இனங்களின் குழு, கடைசியில் கண்காட்சியின் சிறந்த நாய். பீகிள் இருப்பது மோப்ப வேட்டை நாய்களுக்கான 6ஆம் குழுவில். நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் இந்தக் கடைசிப் படியை எட்டிய முதல் பீகிள் யூனோ, 2008இல். அடுத்து 2015இல் மிஸ் பி வென்றது.

அமெரிக்காவில் கருத்தடை செய்த நாயை இந்தத் தேர்வுக்குக் கொண்டுவர முடியாது. அடுத்த தலைமுறைக்குத் தாயாகவும் தந்தையாகவும் இருக்கத் தகுதியுள்ள நாய் எது என்று காண்பதே இதன் அடிப்படை நோக்கம். பெரும்பாலான கண்காட்சிகளில் வெற்றிக்குக் கிடைப்பது கோப்பை, ரிப்பன், சான்றிதழ். பயணம், நுழைவுக் கட்டணம், நாயை ரிங்கில் நடத்தும் ஹேண்ட்லருக்கான கூலி எல்லாம் சொந்தச் செலவு. வருமானத்துக்கு வழி என்று நினைத்து இறங்க வேண்டாம்.

கலந்துகொள்ள விரும்பினால்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பில் நாய் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தாயும் தந்தையும் பதிவு பெற்றிருந்தால், ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளை வளர்ப்பவரே பதிவு செய்வார். மைக்ரோசிப் எண்ணோடு வரும் வம்சாவளிச் சான்றிதழை வாங்குபவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். “சான்றிதழ் பிறகு வரும்” என்ற பேச்சை நம்பிப் பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டால், அது வராமலே போக வாய்ப்புண்டு.

பயிற்சியை 3 மாதக் குட்டியிலிருந்தே தொடங்கலாம். தினமும் இரண்டு நிமிடம் மேசை மேல் அசையாமல் நிற்கப் பழக்க வேண்டும். வீட்டுக்கு வருபவர்களை விட்டுப் பல்லையும் காதையும் பாதத்தையும் தொடச் சொல்லலாம். கயிறு தொய்வாக இருக்கும்போதே பக்கத்தில் ஓடப் பழக்க வேண்டும். ரிங்குக்குப் போகாவிட்டாலும் இந்தப் பழக்கம் வீண்போகாது. இப்படி வளர்ந்த நாய் மருத்துவரின் மேசையில் கடிக்காது.

நம் நாய்களுக்கு என்ன பாடம்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் சட்டம் நாய்களை விட்டு முயல் வேட்டையாடுவதைத் தடை செய்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பீகிளைப் போலவே நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்திய நாய்கள்தான். பிறந்த வேலை போன பிறகு ஓர் இனம் இனமாகவே நீடிக்க வேண்டும் என்றால், எதைப் பார்த்து இணை சேர்ப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்த இடத்தில்தான் கண்காட்சிக்கும் பதிவுக்கும் மதிப்பு.

காங்கேயம் மாட்டை ஓர் இனமாகப் பதிவு செய்த தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம், ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்தின் முதோல் நாயையும் இந்திய இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. 2005இல் வெளியான நாய் அஞ்சல் தலைகளிலும் ராஜபாளையம் இடம்பெற்றது. பெருமையான செய்திகள்தான். ஆனால், பதிவும் பரிசும் மட்டும் ஓர் இனத்தைக் காப்பாற்றிவிடாது. ராஜபாளையத்தில் பால் வெள்ளை நிறத்துக்கே மதிப்பு அதிகம். அந்த வெள்ளையோடு சேர்ந்து பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளில் வருகிறது. காது கேட்காத நாய் காவலுக்கு எப்படி உதவும்? நிறத்தை மட்டும் பார்த்து இணை சேர்த்தால் கோப்பை கிடைக்கலாம், நாய் கெட்டுப்போகும்.

மாட்டில் இதை நாம் அறிவோம். கொம்பழகுக்காக மட்டும் யாரும் காளையைப் பொலிக்கு விடுவதில்லை. நாய்க்கும் அதே அளவுகோல் வேண்டும். உடலமைப்பு, குணம், ஆரோக்கியம் மூன்றும் சேர்ந்து தேறிய நாயைத்தான் இணைக்கு விட வேண்டும். தேறாதவற்றுக்குக் கருத்தடை செய்து அன்பாக வீட்டில் வளர்க்கலாம்.

வாங்கும் முன் கவனிக்க

* 8 வாரம் நிறையாத குட்டியை வாங்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் அத்தகைய விற்பனையைத் தடை செய்கின்றன.

* விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

* தாய் நாயை நேரில் பாருங்கள். 18 மாதம் நிறையாத பெண் நாயை இணை சேர்க்க விதிகள் அனுமதிப்பதில்லை. தாயைக் காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள்.

* பெற்றோருக்கு வலிப்பு, தைராய்டு கோளாறு உண்டா என்று விசாரியுங்கள். பீகிள் இனத்தில் இவை காணப்படுகின்றன.

* குட்டிக்குப் போட்ட தடுப்பூசி, குடற்புழு நீக்கம் பற்றிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை தவணை தவணையாகத் தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில்.

* வீட்டில் பகலில் யாராவது இருப்பார்களா, தினமும் ஒரு மணி நேரம் நடத்த ஆள் உண்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நாய் வாங்கிய பிறகு கண்காட்சிக்குப் போவதைவிட, வாங்கும் முன்பே ஒருமுறை போவது நல்லது. கோடையில் ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்துவது போன்ற கண்காட்சிகளைப் பார்வையாளராகப் போய்ப் பார்க்கலாம். பீகிள், ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று உங்களுக்குப் பிடித்த இனத்தின் ரிங் ஓரமாக நின்று முழுத் தேர்வையும் கவனியுங்கள். தேர்வு முடிந்து வளர்ப்பவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் அவர்களிடம் பேசுங்கள். இந்த இனத்தில் என்ன தொல்லை என்று கேளுங்கள். தன் நாயின் பெருமையோடு அதன் குறையையும் சேர்த்துச் சொல்பவரிடம் குட்டிக்குப் பெயர் எழுதிவைத்து, காத்திருந்து வாங்கலாம்.