தீர்மான நோட்டில் வரைந்த படம்



போன இதழில் உள்கடன் கணக்கு எழுதுவதைப் பற்றிப் பார்த்தோம். இந்த முறை கணக்கு இல்லை, நம்ம வீட்டுப் பிள்ளைகள் போடும் படத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "படம் போட்டா சோறு கிடைக்குமா?" என்று சிலர் கேட்பீர்கள். நாங்களும் அப்படிக் கேட்டவங்கதான். அதனால் எங்க தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு. ஊர் பேர், ஆள் பேர் வேண்டாம். அந்தக் குழுவில் ஒரு சகோதரி சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். அம்மாவோடு கூட்டத்துக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். மறுநாள் பேங்கிலிருந்து நோட்டுகளைப் பார்க்க வருகிறார்கள் என்று ராத்திரி எல்லோரும் அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தோம். காலையில் தீர்மான நோட்டைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்கப் படம்! நீலப் பேனாவில், வட்டமாக உட்கார்ந்த பன்னிரண்டு பொம்பளைகள்.

அம்மா அந்தப் பிள்ளையை அடித்துவிட்டார். நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னோம். பக்க எண் போட்ட நோட்டு, கிழிக்க முடியாது. அதனால் குறுக்கே கோடு போட்டு, "ரத்து" என்று எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டார்கள். பேங்க்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். கடனும் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளை அன்றோடு பென்சில் எடுப்பதை விட்டுவிட்டது.

மூன்று மாதம் கழித்துத் தணிக்கைக்காக அதே நோட்டைப் புரட்டினோம். அன்றைக்குத்தான் படத்தை நிதானமாகப் பார்த்தோம். ஒரு முகத்திலும் கண், மூக்கு சரியாக இல்லை. ஆனால் உட்கார்ந்த விதத்தை வைத்தே யார் யார் என்று தெரிந்தது. காலை நீட்டி உட்காருகிறவர், மடியில் கைக்குழந்தையோடு இருப்பவர், ஷிப்ட் பஸ் வந்துவிடும் என்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பவர். அந்தக் கடைசி ஆள் அவளுடைய அம்மாதான். பார்த்துவிட்டு அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகுதான் இதைப் பற்றி விசாரித்தோம், படித்தோம், பேசினோம். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பிள்ளைகள் ஏன் கிறுக்குகிறார்கள்?

பேச்சு வருகிற மாதிரி, நடை வருகிற மாதிரி படம் போடுவதும் படிப்படியாகத்தான் வரும். பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கலாம். பொதுவாக இப்படி இருக்கும்:

ஒன்றரை, இரண்டு வயதில் வெறும் கிறுக்கல். கையை அசைத்தால் கோடு விழுகிறதே என்ற ஆச்சரியம்தான் அதில் இருக்கிறது. கைக்குப் பிடிமானம் வருவதற்கும் அது உதவும்.

மூன்று வயது வாக்கில் வட்டம் போட வரும். ஆரம்பித்த இடத்திலேயே கோட்டைக் கொண்டுவந்து முடிப்பது அந்த வயதுக்குப் பெரிய சாமர்த்தியம்.

நான்கு வயதில் மனுஷன் வருவான். தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும், உடம்பு இருக்காது. உலகத்தில் பல ஊர்ப் பிள்ளைகளும் இந்த வயதில் இப்படித்தான் வரைகிறார்கள். "உடம்பு எங்கேடா?" என்று சிரிக்க வேண்டாம்.

ஐந்திலிருந்து ஏழு, எட்டு வயது வரை கீழே ஒரு கோடு போட்டால் அது தரை, மேலே நீலப் பட்டை போட்டால் அது வானம். வீட்டுக்குள் இருப்பதெல்லாம் சுவரைத் தாண்டித் தெரியும். பிடித்த ஆள் வீட்டை விடப் பெரிதாக இருப்பார். அந்த வயதில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் போடுவதில்லை, தனக்குத் தெரிந்ததையும் முக்கியமானதையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

ஒன்பது, பத்து வயதுக்கு மேல்தான் சிக்கல். "நிஜம் மாதிரி வரலையே" என்று பிள்ளைக்கே வருத்தம் வரும். நிறையப் பிள்ளைகள் இந்த வயதில்தான் வரைவதை விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு அடியோ கேலியோ விழுந்தால் சொல்லவே வேண்டாம். நாங்கள் செய்த தப்பு அதுதான்.

ஒரு எச்சரிக்கை. படத்தைப் பார்த்து ஜோசியம் சொல்லாதீர்கள். கறுப்புக் கலர் அடித்தால் மனசு சரியில்லை, கை போடவில்லை என்றால் பயந்திருக்கிறாள் என்றெல்லாம் நாமாக முடிவு கட்ட வேண்டாம். வேறு கலர் தீர்ந்துபோயிருக்கலாம்! பிள்ளையிடம் கேட்டால் அதுவே சொல்லும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நம்மில் பல பேர் "எனக்குப் படம் வரையத் தெரியாது" என்கிறோம். தினமும் காலையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறவங்க நாமதானே? பதினைந்து புள்ளிக் கோலத்தைப் புத்தகம் பார்க்காமல் போடுகிற கைக்குப் படம் தெரியாதா? பிள்ளைகளுக்கு முதல் ஓவிய வாத்தியார் நாம்தான்.

செலவும் பெரிதாக இல்லை. பழைய காலண்டரின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கம், கோலமாவு, செங்கல் துண்டு, அடுப்புக் கரி எல்லாம் போதும். தரையிலோ சுவரிலோ ஒரு மூலையை "இது உன் இடம்" என்று ஒதுக்கிக் கொடுங்கள். நம்ம நோட்டுகளை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். அது நம்ம பொறுப்பு, பிள்ளையுடைய பொறுப்பு இல்லை.

"இது என்ன?" என்று கேட்டால் பிள்ளை, "அம்மாவுக்கே புரியலையே" என்று நினைக்கும். "இதைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள். வாய் ஓயாமல் சொல்லும்.

பென்சிலை வாங்கி நாம் திருத்தக் கூடாது. அக்கா படத்தோடு தம்பி படத்தை ஒப்பிடக் கூடாது. படத்தின் பின்னால் தேதியும் வயதும் எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் வளர்ச்சி தெரியும்.

கொச்சியில் ஒரு பிள்ளை

கேரளாவில் கொச்சியில் 1976-ல் கிளின்ட் என்று ஒரு பையன் பிறந்தான். சின்ன வயதிலேயே சிறுநீரக நோய். 1983 ஏப்ரலில், ஏழு வயது முடிவதற்கு முன்பே இறந்துவிட்டான். அதற்குள் அவன் வரைந்த படங்கள் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். யானை, கோயில் திருவிழா, தெய்யம் என்று கண்டதையும் கேட்டதையும் வரைந்தான். அவன் கதையை 2017-ல் மலையாளத்தில் சினிமாவாகவும் எடுத்தார்கள்.

அவனைப் போல எல்லாப் பிள்ளையும் வரையாது, வரையவும் வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது அவனுடைய அப்பா அம்மாவை. நோய்ப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவர்கள் காகிதமும் கலரும் கொடுத்தார்கள், கதை சொன்னார்கள், அவன் வரைந்ததைக் குப்பை என்று தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தினார்கள். அவர்கள் காப்பாற்றி வைத்ததால்தான் இன்றைக்கு உலகத்துக்கு அவனைத் தெரிகிறது.

பழவேற்காட்டுப் பயணம்

பிள்ளைக்குக் கை மட்டும் இருந்தால் போதாது, கண்ணுக்கும் தீனி வேண்டும். நம்ம பிள்ளைகள் வீடு, பள்ளிக்கூடம், கம்பெனி மதில் என்று ஒரே வழியில் போய் வருகிறார்கள். அதனால் ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சில குழுக்கள் சேர்ந்து பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனோம். கும்மிடிப்பூண்டியில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, கவரைப்பேட்டை தாண்டிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். புளிசாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டோம். அந்தப் பெண்ணும் வந்தாள். கையில் ஒன்றும் எடுத்துவரவில்லை.

பக்கத்திலேயே இருந்தும் எங்களில் பாதிப் பேர் பழவேற்காட்டை அன்றுதான் பார்த்தோம். இந்தியாவிலேயே சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி இது. ஆந்திராவிலும் நம்ம மாவட்டத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். தூரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு ரோஸ் கோடு மாதிரி தெரிந்தது.

டச்சுக்காரர்கள் இங்கே 1613-ல் கோட்டை கட்டினார்கள். இந்தப் பகுதியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணியை வாங்கிக் கப்பலில் கிழக்கு நாடுகளுக்குக் கொண்டுபோய், பதிலுக்கு மசாலா சாமான்கள் வாங்கினார்கள். நம்ம பக்கத்துக் கைவேலைக்கு நானூறு வருஷத்துக்கு முன்பே கடல் தாண்டி மதிப்பு இருந்திருக்கிறது! அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே எழுத்தும் பூவேலையுமாகக் கல் கல்லாகக் கிடக்கிறது. பிள்ளைகள் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

படகில் போகலாம் என்று பிள்ளைகள் அடம் பிடித்தார்கள். நாங்கள் ஏறவில்லை. 2011 டிசம்பர் 25-ஆம் தேதி இதே ஏரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனதை நம்ம பகுதி மறக்காது. சந்தோஷத்துக்குப் போகிற இடத்தில் துக்கம் வேண்டாம். கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

கடைசியாகப் பனை ஓலைப் பொருள் செய்கிற பெண்களைப் பார்த்தோம். சாயம் தோய்த்த ஓலையை வகுந்து, பேசிக்கொண்டே பெட்டி பின்னுகிறார்கள். கை தானாக ஓடுகிறது. அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இழுத்துக்கொண்டு வந்தோம்.

மறுநாள் சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, "நேத்து பார்த்ததில உனக்கு எது ஞாபகம் இருக்கோ அதைப் போடு" என்றோம். ஒருத்தன் எலும்புக்கூடு போட்டான். ஒருத்தி பஸ் டிரைவரையும் அவர் மீசையையும் போட்டாள். இன்னொருத்தன் புளிசாதப் பொட்டலம் மட்டும் போட்டான், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தப் பெண் ரொம்ப நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "இதில வரையலாமா?" என்று கேட்டாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வரைடா கண்ணு" என்றார். ஆள் முகமே இல்லாமல், ஓலை பின்னுகிற இரண்டு கைகளை மட்டும் போட்டாள். பத்து விரலும் பத்து விதமாக இருந்தது.

நீங்களும் செய்து பாருங்கள். தூரத்து ஊர் வேண்டாம். பாட்டி வீடு, சந்தை, திருவிழா எங்கே போய் வந்தாலும் மறுநாள் ஒரு காகிதம் கொடுங்கள். நாம் பார்க்காமல் விட்டதை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

மேலே படிக்க வழி உண்டா?

உண்டு. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து கலைத் திருவிழாப் போட்டிகள் தொடங்கின. பள்ளி அளவில் ஆரம்பித்து மாநிலம் வரை போகும். ஓவியமும் உண்டு. வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பெயர் கொடுங்கள்.

கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் பிள்ளைகளுக்கு ஓவியம், பாட்டு, நடனம் சொல்லித் தருகிறார்கள்.

அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை இருக்கிறது.

ப்ளஸ் டூ முடித்தால் அரசு கவின் கலைக் கல்லூரி. சென்னையில் உள்ளது 1850-ல் ஓவியப் பள்ளியாகத் தொடங்கியது. கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது.

ஐடிஐ-யில் படவரைவாளர் என்று ஒரு பிரிவு உண்டு. நம்ம சிப்காட்டில் இரும்பை வெட்டுவதற்கு முன்னால், எந்த அளவில் வெட்டணும் என்று யாரோ படம் போட்டிருக்கணும். அந்த யாரோ நம்ம பெண்ணாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் வேலைக்கான வழி. எல்லாப் பிள்ளையும் ஓவியராக வேண்டியதில்லை. கவனித்துப் பார்க்கிற கண்ணும் பொறுமையான கையும் எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது கோடு போடாத நோட்டு ஒன்றை அவள் அம்மா தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாதி நோட்டு தீர்ந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும், காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் "வரையலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறாள். முன்பெல்லாம் அவள் கேட்டதில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்குச் சுருக்கென்று இருக்கிறது.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் வீட்டுப் பிள்ளை போட்ட ஒரு படத்தைக் கொண்டுவாருங்கள். எல்லோரும் பார்க்கட்டும். அதையும் ஒரு தீர்மானமாக நோட்டில் எழுதுங்கள். இந்தப் பக்கத்தை யாரும் ரத்து செய்ய வேண்டியிருக்காது.