மூச்சை விடு, பிறகு பேசு

“மகள் பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்கிறாள். ஒத்திகையிலேயே நெஞ்சு படபடக்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஏதாவது மாத்திரை கொடுக்கலாமா?” என்று ஒரு தாய் கேட்டு எழுதியிருந்தார். மாத்திரை வேண்டாம். முதலில் மகளின் நாடியை அவளே பிடித்துப் பார்க்கட்டும்.

நீங்களும் பாருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலின் பக்கமாக, இரண்டு விரல் வையுங்கள். மெதுவாக மூச்சை இழுத்தால் துடிப்புகள் சற்று நெருங்கி வரும். அதைவிட மெதுவாக விட்டால் இடைவெளி கூடும். இளம் வயதில் இது நன்றாகத் தெரியும். வயது ஏற ஏற மங்கும்.

இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் அது 70 அளவில் நிற்கிறது. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு, அசிட்டைல்கோலினைச் சுரந்து அதை இழுத்துப் பிடித்திருப்பதே காரணம். துள்ளும் காளைக்கு மூக்கணாங்கயிறு போல. நாம் மூச்சை இழுக்கும்போது வண்டிக்காரர் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துகிறார். விடும்போது மறுபடி பிடிக்கிறார். மேடையேறியதும் கயிறு கையிலிருந்து நழுவுகிறது. போதாததற்கு அட்ரினலின் என்ற சாட்டையும் விழ, காளை 100ஐத் தாண்டி ஓடுகிறது. அடியின் எரிச்சல் அடங்கச் சில நிமிடம் ஆகும். விழுந்த அடியைத் திரும்ப எடுக்க முடியாது. கயிறோ ஓரிரு துடிப்புக்குள் வேலை செய்யும். அதன் ஒரு நுனி நம் கைக்கு எட்டுகிறது. அந்த நுனிதான் மூச்சு.

அதனால்தான் “மூச்சை நல்லா இழுத்துக்கோ” என்பது பாதி அறிவுரை. இழுக்கும் நேரம் கயிறு தளரும் நேரம். பயந்தவர் ஏற்கெனவே காற்றை விழுங்கி விழுங்கி நிற்கிறார். அவருக்குத் தேவை, நீளமாக விடுவது. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறோ எட்டோ எண்ணும் வரை விடலாம்.

வரலாறு சுருக்கமாக: மூச்சோடு நாடி ஏறி இறங்குவதை 1847இல் கார்ல் லுட்விக் கருவியில் பதிவுசெய்தார். 1921இல் ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் ஊற்ற, அதுவும் மெதுவானது. 1936இல் லோவி, ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த விஷயத்தில் விற்பனைக்கு வருவதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. கம்பீரமான தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோன்களே மாறும் என்று 2010இல் 42 பேரை வைத்து ஓர் ஆய்வு சொன்னது, உலகமெங்கும் பரவியது. 2015இல் 200 பேரிடம் சோதித்தபோது ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரே 2016இல் அந்த விளைவைத் தான் இனி நம்பவில்லை என்று அறிவித்தார். வேகஸ் நரம்பின் பெயரைச் சொல்லி விற்கும் கருவிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். ப்ரொப்ரனலால் மாத்திரை நாடியைக் குறைப்பது உண்மை; ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

நீண்ட மூச்சு பயத்தை அழிக்காது. படபடப்பைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். பேச்சின் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போகும் துடிப்பு, பேசப் பேசத் தானாகவே இறங்கும். அந்த முதல் நிமிடத்தைக் கடக்கத்தான் உதவி தேவை. எனவே பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மேடைப் படியில் நிற்கும் பிள்ளையிடம் “பயப்படாதே” என்று சொல்லாதீர்கள், அது அவள் கையில் இல்லை. “மூச்சை மெதுவா விடும்மா” என்று சொல்லுங்கள். அது அவளால் முடியும்.