கறுத்த பொருக்கைக் கவனித்தீர்களா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 'செக்கிங்' என்று ஒரு பகுதி உண்டு. தைத்து வந்த பனியனை விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். கடுகளவு கறைகூட அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

அந்தக் கண்ணுக்கே தப்பிவிடும் கறை ஒன்று உண்டு. அது துணியில் விழுவதல்ல, உடம்பில் விழுவது!

அவிநாசிப் பக்கமோ காங்கயம் பக்கமோ ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை வெடிக்கிறது, உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது. ஒரு ஷிப்டு போனால் ஒரு ஷிப்டுக் கூலி போயிற்றே! மருந்துக் கடை மாத்திரையில் மூன்று நாள் ஓட்டிவிட்டு, நான்காம் நாள் டாக்டரிடம் போகிறாள். "உடம்பிலே எங்காவது புண் இருக்கிறதா அம்மா?" என்கிறார் அவர். "ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்கிறாள். பொய் சொல்லவில்லை. அவள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

'ஸ்க்ரப் டைபஸ்' என்பது இப்படிப்பட்ட ஒரு காய்ச்சல். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். மாட்டின் காதோரம் தொங்குமே, அந்த உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் எலி நடமாடும் இடங்களிலும் இருக்கும் மிக நுண்ணிய பூச்சி ஒன்றின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்ததே தெரியாது. பத்து நாள் போலக் கழித்துக் காய்ச்சல் கிளம்பும். பலருக்குக் கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. பிறகு யார் கவனிப்பார்கள்? டைபஸ், டைபாய்டு என்று பெயர்கள் ஒன்றுவிட்ட சகோதரிகளைப் போல ஒலித்தாலும், இரண்டும் வேறு நோய்கள், மருந்தும் வேறு.

இந்தப் பொருக்கு எங்கெங்கே வருகிறது என்று வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் நோயாளிகளைப் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். ஆண்களுக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும் அதிகம். பெண்களுக்கோ மார்பிலும் வயிற்றிலும்! டாக்டரிடம் காட்ட நம் பெண்கள் கூசுகிற இடங்கள். வெட்கத்துக்கு உயிரையா விலையாகக் கொடுப்பது?

சமயத்தில் கண்டுபிடித்தால் 'டாக்ஸிசைக்ளின்' என்ற மலிவான மருந்திலேயே பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டாலோ நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலைக்குப் போனவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டு மருந்தாகச் சேர்த்து நரம்பு வழியே ஏற்றுவதே மேல் என்று, வேலூர் டாக்டர்கள் தலைமையில் இந்தியாவின் 7 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆராய்ச்சி 2023-ல் காட்டியது. அதுவரை போவானேன்?

நோயாளி வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அம்மாள் இருந்தார். பாலி மர்ரி என்று பெயர். கனெக்டிகட் மாகாணத்தில் லைம் என்ற சிற்றூர்வாசி. அவருக்கும் கணவருக்கும் 4 குழந்தைகளுக்கும் வருஷக் கணக்கில் மாற்றி மாற்றி மூட்டு வீக்கம், காய்ச்சல், தோலில் தடிப்பு. எல்லாம் மனப்பிரமை என்று டாக்டர்கள் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். அம்மாள் விடவில்லை. நாம் பால் கணக்கு எழுதுவது போல, தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். ஊரில் வேறு குழந்தைகளுக்கும் இதே தொல்லை என்று தெரிந்ததும், 1975-ல் மாகாண சுகாதார இலாகாவுக்குப் போன் செய்தார். பக்கத்து ஊர்த் தாயார் ஒருவரும் இதையே சொன்னார். யேல் பல்கலைக் கழகத்து டாக்டர் ஆலன் ஸ்டீர் வந்து விசாரித்தபோது 39 குழந்தைகள், 12 பெரியவர்கள் அகப்பட்டார்கள். மான் உண்ணியில் இருக்கும் அந்தக் கிருமியைக் கண்டறிந்து, 1982-ல் அறிவித்தார் வில்லி பர்க்டார்ஃபர். ஊர்ப் பெயரே நோய்க்கும் நின்றுவிட்டது: லைம் நோய். நம் பக்கம் அது அபூர்வம்.

அவ்வளவு பெரிய நோட்டு நமக்கு வேண்டியதில்லை. காய்ச்சல் கண்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய இரண்டு, மூன்று வாரங்களில் களை எடுக்கவோ, விறகு பொறுக்கவோ, ஆட்டின் பின்னால் புதர்ப் பக்கமோ போனீர்களா என்று யோசித்து, டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முதுகையும் காதின் பின்புறத்தையும் நம்மால் பார்த்துக்கொள்ள முடியாது. அக்காவிடமோ மகளிடமோ காட்டலாம். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வருவதுண்டு. ஆகவே, ஒன்றையும் காணோம் என்று இருந்துவிடாமல், இதற்கும் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்பதில் தவறில்லை.

மழை விட்டுப் புல் தழைக்கும் மாதங்களில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காட்டு வேலைக்குப் போய் வந்தால் (கொங்கு நாட்டில் காடு என்றால் சோளமும் கடலையும் விளைகிற நிலந்தான்!) உடுத்த துணியை அன்றே சோப்புப் போட்டுத் துவைத்து, தேய்த்துக் குளித்துவிடுங்கள். துவைத்ததை வேலியின் மேலும் செடியின் மேலும் விரிக்காமல் கொடியில் உலர்த்துங்கள். கொடிக்குக் கயிறு இல்லை என்று திருப்பூரில் யாரும் சொல்ல முடியாது. கட்டிங் வேஸ்டை முறுக்கினால் கயிறு!