சமையலறையில் தயாராகும் பேய்

திகில் படத்துக்கு வேண்டிய ரத்தம், முகமூடி, கிழிந்த உடுப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம். இது ஒன்றும் ஏழைக் குறும்படக்காரர்களின் சமாளிப்பு அல்ல. உலகமே பயந்து பார்த்த படங்களில் பலவும் இப்படி உருவானவைதான்.

1978-இல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தில் மைக்கேல் மையர்ஸ் என்ற கொலைகாரன் ஒரு வெள்ளை முகமூடியோடு வருவான். 'ஸ்டார் டிரெக்' தொடரில் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் முகத்தை வைத்துக் கடைகளில் விற்ற ரப்பர் முகமூடி அது. விலை இரண்டு டாலருக்கும் குறைவு. கலை இயக்கத்தைக் கவனித்த டாமி லீ வாலஸ் அதன் கிருதாவைப் பிய்த்தார், கண் துளைகளைப் பெரிதாக்கினார், தலைமுடியைக் கலைத்துவிட்டார், மேலே வெள்ளை பெயின்ட் அடித்தார். கேப்டன் காணாமல் போனார். உணர்ச்சியே இல்லாத ஒரு முகம் மிஞ்சியது, அதுதான் வயிற்றைக் கலக்கியது.

வீட்டில் செய்கிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாம் செய்யும் பொருள் கேமராவுக்கானது. நேரில் எப்படி இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. 1931-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் போரிஸ் கார்லோஃபின் தலையை ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் பஞ்சையும் கொலோடியன் என்ற பசைத் திரவத்தையும் அடுக்கடுக்காக வைத்து எழுப்பினார். முகத்தில் பூசியது பச்சை கலந்த சாயம். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அது பிணத்தின் வெளிறலாகப் பதிந்தது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சியில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்திலும் அதே சாக்லேட்தான். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாது. அடர்த்தியும் ஓட்டமும்தான் தெரியும்.

வண்ணப்படத்தில் அந்தச் சலுகை கிடையாது. 1981-இல் வெளியான சாம் ரைமியின் 'தி ஈவில் டெட்' குழுவினர் டென்னசி மாநிலத்துக் காட்டில் ஒரு பாழடைந்த மரவீட்டில் படமெடுத்தார்கள். அவர்களுடைய ரத்தம் சோளப் பாகும் உணவு நிறமியும் சேர்ந்தது. அதில் காபியும் கலந்தார்கள். காபி எதற்கு? வெறும் சிவப்பு நிறமி கலந்த பாகு கண்ணாடி மாதிரி ஒளியை உள்ளே விட்டுவிடும், ரோஸ்மில்க் போலத் தெரியும். பழுப்பு சேர்ந்தால்தான் மங்கி, கனத்து, ரத்தமாகும்.

நம் ஊரில் சோளப் பாகைத் தேடி அலைய வேண்டாம். கேக் சாமான் விற்கும் கடைகளில் லிக்விட் குளுகோஸ் என்று டப்பாவில் கிடைக்கும். ஒரு கப் குளுகோஸில் கால் கப் வெந்நீர் விட்டு இளக்குங்கள். சிவப்பு உணவு நிறமியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அரை டீஸ்பூன் கோகோ அல்லது இன்ஸ்டன்ட் காபித்தூள், கடைசியில் ஒரே ஒரு சொட்டு நீல நிறமி. கேசரி பவுடரைப் போட்டுவிடாதீர்கள். அது ஆரஞ்சு, ரத்தம் ஜாங்கிரிப் பாகாகிவிடும். கலவையை வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் இழுத்துப் பாருங்கள். ஓரம் ரோஸாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கோகோ.

ஆரத்தித் தண்ணீர் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பது உண்மைதான். ஆனால் அது தண்ணீராக ஓடும், சுண்ணாம்பு கண்ணிலோ வாயிலோ பட்டால் எரியும். தாம்பாளத்தோடு இருக்கட்டும்.

பாகு ரத்தத்தில் இன்னொரு சிக்கல், தோலில் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தின் ஒப்பனைக்காரர் டிக் ஸ்மித் இதற்காகத் தன் ரத்தத்தில் புகைப்படம் கழுவும்போது பயன்படும் ஒரு கோடக் திரவத்தைச் சேர்த்தார். ரத்தம் அழகாக வழிந்தது, ஆனால் அதை விழுங்கக் கூடாது. வீட்டில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு போதும், அதே வேலை நடக்கும், அதே எச்சரிக்கையும் உண்டு. வாயிலிருந்து வழிய வேண்டிய ரத்தத்தைத் தனி பாட்டிலில் சோப்பில்லாமல் கலந்து, பாட்டிலின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது காயம். அழகுக்கலைப் பொருள் கடையில் விற்கும் திரவ லேடெக்ஸ், டிஷ்யூ பேப்பர், பவுண்டேஷன், இவ்வளவுதான் தேவை. தோலில் லேடெக்ஸ் பூசி, ஒற்றை அடுக்காகப் பிரித்த டிஷ்யூவை மேலே ஒட்டுங்கள். டிஷ்யூவைக் கையால் கிழிக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் நேர்கோடு கேமராவில் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நான்கு அடுக்கு காய்ந்ததும் நடுவில் நகத்தால் கிழித்து விரியுங்கள். வெளிப்பக்கம் முழுக்க நடிப்பவரின் தோல் நிறத்தில் பவுண்டேஷன். உள்ளே அடர் மெரூன், ஆழத்தில் கொஞ்சம் கறுப்பு, அதற்குப் பிறகுதான் ரத்தம். புதியவர்கள் ரத்தத்தைக் குடம் குடமாக ஊற்றிக் காயத்தையே மறைத்துவிடுகிறார்கள். பள்ளம் தெரிந்தால்தான் பயம் வரும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தோட்டத்து ரப்பர் பாலை முகத்தில் பூசிவிடாதீர்கள். கெட்டுப்போகாமல் இருக்க அதில் அம்மோனியா சேர்க்கிறார்கள். கடை லேடெக்ஸும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஆகவே முந்தின நாளே முழங்கையின் உட்புறம் ஒரு பொட்டு தடவிப் பார்த்துவிட வேண்டும்.

உடுப்பு விஷயத்துக்கு வருவோம். நம் பேய்க்கு வெள்ளைச் சேலைதான் சீருடை என்றாகிவிட்டது. புத்தம் புது வெள்ளையை இருட்டில் விளக்குப் போட்டுப் படம்பிடித்தால் மடிப்பெல்லாம் மறைந்து டியூப்லைட்டாக எரியும், கட்டியிருப்பவரின் முகம் அடிபட்டுப்போகும். சேலையைக் கொதிக்க வைத்த டீத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள். பருத்தி நன்றாகப் பிடிக்கும், பாலியஸ்டர் பிடிக்காது. பிழியும்போது முறுக்கிக் கட்டி அப்படியே காயவிட்டால் திட்டுத் திட்டாகக் கறையேறும். பிறகு உப்புத்தாள், தேங்காய்த் துருவி. ஆனால் கண்ட இடத்தில் தேய்க்கக் கூடாது. துணி எங்கே நையும்? முந்தானை ஓரம், கொசுவத்தின் தரைபடும் விளிம்பு, ரவிக்கையின் முழங்கைப் பக்கம். சட்டை என்றால் காலர், மணிக்கட்டு. அந்த உடுப்பை ஒருவர் உடுத்தி வாழ்ந்திருக்கிறார் என்று அது சொல்ல வேண்டும்.

முடிந்தால் ஒரே மாதிரி இரண்டு செய்யுங்கள். 1974-இல் வந்த 'தி டெக்சஸ் செயின் சா மாசகர்' படத்தில் லெதர்ஃபேஸ் என்ற கொலைகாரனாக நடித்த கன்னர் ஹேன்சனுக்குச் சாயமேற்றிய சட்டை ஒன்றே ஒன்றுதான். துவைத்தால் நிறம் மாறிவிடும் என்று துவைக்கவே இல்லை. டெக்சஸ் கோடையில், வாரக்கணக்கில். மற்ற நடிகர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தயங்கினார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

முகமூடிக்குப் பழைய வழியே போதும்: ஊதிய பலூன், செய்தித்தாள் துண்டு, மைதாப் பசை. ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள், முகத்தில் படப்போகிற பொருள். மூக்குத் துளையைத் தாராளமாக விடுங்கள்.

எந்தக் குறையையும் இருட்டு மன்னிக்கும். 1975-இல் வெளியான 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடலில் இறக்கியதும் அடிக்கடி பழுதானது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமலே பாதிப் படத்தை ஓட்டினார், படத்துக்கு அதுவே பலமானது. உங்கள் பேயையும் முழுசாக நிறுத்தி வைத்துக் காட்டாதீர்கள். கதவிடுக்கில் ஒரு கை, விளக்கு அணையும் நேரத்தில் ஒரு தோள், அது போதும். போன் கேமரா இருட்டைக் கண்டால் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும் என்பதால் எக்ஸ்போஷரைப் பூட்டி வைத்துக்கொண்டு எடுங்கள்.

சில காரியங்களில் மட்டும் சிக்கனம் கூடாது. வண்ணக் கான்டாக்ட் லென்ஸைக் கண் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது. கத்தி என்றால் அட்டையிலோ தெர்மாகோலிலோ செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்தது. தெருவில் எடுப்பதானால் பக்கத்து வீடுகளுக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் தரையை வெந்நீர் விட்டு இரண்டு முறை துடையுங்கள். சிந்தியது சர்க்கரைப் பாகு, விடிவதற்குள் எறும்பு வந்துவிடும். வீட்டுக்காரர் அடுத்த படத்துக்குச் சாவி தர மாட்டார்.