ஊர் வேய்ந்த கூரை

மலைச்சாரல்களில் வாழும் ஜனங்களுக்கு டோலி என்ற சொல் பல்லக்கை நினைவூட்டுவதன்று. இருவர் தோளில் தாங்கிய மூங்கிற் கழியில் ஒரு போர்வையையோ பழைய புடவையையோ தூளியாகக் கட்டி, அதற்குள் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணையோ பாம்பு தீண்டிய பிள்ளையையோ கிடத்தி, கல்லும் முள்ளும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் ஓட்டமும் நடையுமாகக் கீழே இறங்குகிறார்களே, அந்தப் பயணத்துக்கே அங்கே அப்பெயர். பிரசவமான பின் உதிரப்போக்கு நில்லாமற் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தாயின் உயிர் பிரிந்துவிடக்கூடும் என்று வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. டோலி இறங்கும் பாதையோ, அதன் முடிவில் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரமோ, அந்த இரண்டு மணியை அறிவதில்லை. எங்கள் ஊரிலேயே ஒரு சுகாதார நிலையம் வேண்டும் என்று ஒரு கிராமம் கேட்கும்போது, அந்தக் கோரிக்கையின் நியாயம் முழுவதும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

இக்கணக்கை நம் நாட்டுப் பெரியோர்கள் உணராமல் இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1943-ஆம் ஆண்டில் நியமிக்கப்பெற்று 1946-ஆம் ஆண்டில் அறிக்கை தந்த சர் ஜோசப் போர் அவர்களின் குழு, நாற்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று உடனடித் திட்டம் வகுத்தது. பிரசவ வைத்தியத்தில் பெயர் பெற்றவரான ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியாரும் அக்குழுவின் அங்கத்தினரே. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த தினத்தில் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமங்களுக்கு வரத் தொடங்கின. இன்றுள்ள அளவின்படி சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கும் மலைப்பகுதியில் இருபதாயிரம் பேருக்கும் ஒரு நிலையம். அதற்குக் கீழே முறையே ஐயாயிரம், மூவாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்.

ஆனால் போர் குழு கூறிய மற்றொரு யோசனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட ஒரு சுகாதாரக் குழு அமையவேண்டும் என்றும், ஜனங்களின் மனமுவந்த ஒத்துழைப்பு இல்லாமல் இக்காரியம் நிறைவேறாது என்றும் அது வற்புறுத்தியது. நிலையங்களைக் கட்டிய வேகத்தில் அந்தக் குழுக்களை நாம் கட்டவில்லை. 1959-ஆம் ஆண்டில் முதலியார் அவர்களே தலைமை தாங்கிய அடுத்த குழு, புதிய நிலையங்களைத் திறப்பதற்கு முன்னால் இருக்கும் நிலையங்களைப் பலப்படுத்துங்கள் என்று சொல்லவேண்டி வந்தது. கட்டடம் எழும்பியும் அதற்குள் வைத்தியம் குடியேறாத நிலையை அன்றே அந்த வைத்தியர் கண்டுவிட்டார்.

அப்படியானால் ஒரு வைத்தியசாலை எவ்வாறு ஓர் ஊரின் உடைமையாகிறது? இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. தருமபுரி மாவட்டத்தில், கிழக்கே கல்வராயன் மலைக்கும் மேற்கே சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்டிலிங்கி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பெரும்பான்மையோர் மலையாளிகள் என்று வழங்கப்பெறும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயரேயன்றிக் கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்து இம்மலைகளில் குடியேறினர் என்பது அவர்களுடைய ஐதிகம். அவர்களோடு லம்பாடிகளும் அங்கே வாழ்கிறார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து மழையை நம்பிப் பிழைத்துவந்த அந்த ஜனங்களுக்கு, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, அருகில் உள்ள மருத்துவமனை என்பது ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள காந்திகிராம மருத்துவமனையில் பணியாற்றிய ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் வைத்தியத் தம்பதிகள், வைத்தியம் எட்டாத ஓர் இடத்தில் தங்கள் வாழ்நாட் பணியைத் தொடங்குவது என்று சங்கற்பம் செய்துகொண்டு, 1993-ஆம் ஆண்டில் இப்பள்ளத்தாக்கில் பழங்குடியினர் நல்வாழ்வுக்கென ஓர் அமைப்பை நிறுவினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் சிசுக்களில் 147 சிசுக்கள் முதலாண்டு நிறைவதற்குள் மடிந்துகொண்டிருந்தன. ஏழு குழந்தை பெற்றவள் ஒன்றைப் பறிகொடுத்தே தீரவேண்டும் என்பது போன்ற ஒரு விதி அங்கே நிலவிற்று என்று இதற்குப் பொருள். அந்தத் தாய்மார்கள் அதை விதியென்றே எண்ணியிருந்தார்கள் என்பதுதான் அந்த எண்ணைவிடத் துக்ககரமான விஷயம்.

வந்தவர்களிடம் கட்டடம் கட்டப் பொருளில்லை. ஊராரிடமும் பொருளில்லை, ஆனால் மண்ணும் மூங்கிலும் கூரைப்புல்லும் இருந்தன, அவற்றைக்கொண்டு வீடு கட்டத் தெரிந்த கைகளும் இருந்தன. பழங்குடி மக்களே மண்சுவர் எழுப்பி, கூரை வேய்ந்து ஒரு குடிசையைக் கட்டிக் கொடுத்தார்கள். அக்குடிசையே மூன்றாண்டுகளுக்கு அப்பள்ளத்தாக்கின் வைத்தியசாலையாக விளங்கியது. புற நோயாளிகளைப் பார்ப்பதும் அங்கே, பிரசவமும் அங்கே, நூறு வாட் மின்விளக்கின் வெளிச்சத்தில் அறுவைச் சிகிச்சையும் அங்கேதான். பின்னர் பத்துப் படுக்கைகள் கொண்ட கட்டடம் எழுந்தது. காலப்போக்கில் அது முப்பத்தைந்து படுக்கைகளோடும் அறுவைக் கூடத்தோடும் வளர்ந்தது. எனினும் அந்த மருத்துவமனையின் அஸ்திவாரம் எதுவென்று கேட்டால், நான் அந்த மண்சுவரைத்தான் சுட்டுவேன். தன் கையால் கூரை வேய்ந்த இடத்துக்குள் நுழைய ஒருவன் கூச்சப்படுவதில்லை. வெள்ளை அங்கியைக் கண்டு அஞ்சி, வாசலோடு திரும்பிப்போகும் ஏழை நோயாளியைக் கண்டிருப்பவர்களுக்கு, கூச்சமின்மை என்பது எத்தகைய மருந்து என்று நான் விளக்கவேண்டியதில்லை.

இரண்டாவது அஸ்திவாரம் அப்பள்ளத்தாக்கின் பெண்மக்கள். பட்டணத்திலிருந்து தாதியர் வந்து தங்கமாட்டார்கள் என்பது தெளிவானவுடன், உயர்நிலைப் பள்ளியையும் முழுதாகக் கடக்காத உள்ளூர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்து அவ்வைத்தியர்கள் பயிற்சி அளித்தார்கள். நாடி பார்க்கவும், சாதாரண நோய்களை இனங்காணவும், சுகப்பிரசவம் பார்க்கவும், அறுவைக் கூடத்தில் துணைநிற்கவும் அப்பெண்கள் கற்றார்கள். அதோடு, ஒவ்வொரு சிற்றூரும் தன்னிடையே நம்பிக்கைக்குரிய ஒரு மணமான பெண்மணியைத் தேர்ந்தளித்தது. அந்த ஊரில் வைத்தியசாலையின் கண்ணும் காதும் அவளே. கர்ப்பிணிகள் யார், எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தை எடை ஏறாமல் வாடுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்; ஏனென்றால் கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் அவள் அவர்களோடு இருப்பவள்.

அத்தகைய ஒரு பெண் செய்யும் காரியம் எவ்வளவு எளியது, அதன் பலன் எவ்வளவு பெரியது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டலாம். பேதியால் குழந்தை இறப்பது கிருமியால் நேரும் மரணம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதாலேயே அந்த மரணம் நேர்கிறது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அதைக் கொஞ்சங் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடும். பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்ற பழைய எண்ணமோ இதற்கு நேர் விரோதமானது. அவ்வாறே, பிறந்த சிசுவுக்குச் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்கும் வழக்கமும். பட்டம் பெற்ற வைத்தியர் வந்து ஒருமுறை சொல்லிவிட்டுப் போனால் இப்பழக்கங்கள் மாறா. பக்கத்து வீட்டு அக்காள், தான் பெற்ற பிள்ளைக்குத் தானே செய்து காட்டினால் மாறும். அந்தப் பள்ளத்தாக்கில் சிசு மரணம் பல மடங்கு குறைந்தது இவ்வழியாகத்தான்.

இந்த உண்மையை மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் வட்டாரத்தில் 1970-ஆம் ஆண்டு முதல் நிரூபித்தவர்கள் ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபெல் ஆரோலேயும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவ்விருவரும் எழுத்தறியாத கிராமப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கிக் காட்டி, 1979-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றார்கள். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலோ ஆதிவாசிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டு நாயக்கர் முதலிய குடிகள் 1988-ஆம் ஆண்டில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் என ஒன்றுகூடின. 1990-ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஒரு மருத்துவமனை அங்கே எழுந்தது. அதற்கு ஈராண்டுகளுக்குப் பின், இன்று எங்கும் பேசப்படும் மருத்துவக் காப்பீட்டை நகரத்தாரே அதிகம் அறியாத காலத்தில், அவ்வேழைகள் தங்களுக்குள் காப்பீடு ஏற்படுத்திக்கொண்டார்கள். அம்மருத்துவமனையில் தாதியராகப் பணிபுரிபவர்களும் அக்குடிகளின் பெண்களே.

வைத்தியசாலை ஊரின் உடைமையான பிறகு அது நோயோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் சிட்டிலிங்கியிலேயே காண்கிறோம். சிசுக்கள் பிழைக்கத் தொடங்கிச் சுமார் பத்தாண்டுகள் கழிந்தபின், ஊரார் கூடிப் பேசிய கூட்டங்களில் வேறு கவலைகள் எழுந்தன. கரும்பும் பருத்தியும் வந்தபின் சாமையும் தினையும் வீட்டிலிருந்து மறைந்தன. உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் கடன்பட்ட உழவர்கள் திருப்பூருக்கு வேலை தேடிப் போயினர். சோறு கெட்டால் உடம்பு கெடும் என்பது வைத்தியருக்கும் தெரியும், உழவனுக்கும் தெரியும். ஆகவே இயற்கை உழவர் சங்கம் ஒன்று அங்கே பிறந்தது. சிறுதானியங்கள் மீண்டும் வயலேறின. லம்பாடிப் பெண்கள் மறந்துபோயிருந்த தங்கள் பூத்தையல் கலையை மீட்டு, பெருமை என்று அவர்கள் மொழியில் பொருள்படும் போர்கை என்ற பெயரில் ஒரு தொழிலாக நடத்துகிறார்கள். ஊசி மருந்து கொடுக்க வந்த இடத்தில் ஏரையும் தையலூசியையும் பற்றிப் பேச நேர்ந்ததே என்று அவ்வைத்தியர்கள் சலிக்கவில்லை. உடலின் நோய்க்கு வேர் எங்கே ஓடுகிறதோ அங்கேயெல்லாம் பின்தொடர்ந்து போனார்கள்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்வதால், கிராமத்தார் தங்களுக்குத் தாங்களே வைத்தியசாலை கட்டிக்கொள்ளட்டும், அரசாங்கம் கைகட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஒருவரும் பொருள் கொள்ளலாகாது. ஏழைகள் வரி கொடுக்கிறார்கள். துணி வாங்கும்போதும் கொடுக்கிறார்கள். வைத்தியர், மருந்து, தாதி, ஊர்தி ஆகியவற்றைத் தருவது அரசின் கடமை. 2008-ஆம் ஆண்டு முதல் தமிழகத்துச் சாலைகளில் ஓடும் 108 ஊர்தி அக்கடமை உணர்வால் விளைந்த நன்மைதான். நான் சொல்வது வேறு. அரசு தரும் நிலையமாயினும், தரும சிந்தை உடையவர் தரும் நிலையமாயினும், அது உயிரோடு இயங்குவதற்கு ஊரின் கையும் கண்ணும் அதன்மேல் இருக்கவேண்டும்.

ஆகவே சுகாதார நிலையம் வேண்டி முயலும் ஊர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் உங்கள் ஊரின் கணக்கை நீங்களே எடுங்கள். சென்ற ஐந்தாண்டுகளில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை இறந்தன, எந்தத் தாய் எந்தப் பாதையில் உயிர் நீத்தாள் என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அந்த ஏட்டைவிட வலிமையான மனு வேறில்லை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் அதைப் படித்துத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். மழைக்காலத்திலும் கர்ப்பிணி நடந்து வரக்கூடிய இடத்தில் நிலம் ஒதுக்குங்கள். ஊருக்கு வெளியே எவருக்கும் வேண்டாத பள்ளத்தை ஒதுக்கிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ளாதீர்கள். 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் சுகாதாரக் குழு ஒன்றையும், அதன் செலவுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாயையும் வகுத்தது. போர் குழு கண்ட கனவின் காலந் தாழ்ந்த நிறைவேற்றமே அது. உங்கள் ஊரில் அக்குழு கூடுகிறதா, அதில் பிள்ளை பெற்ற பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். துணை நிலையத்துக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தண்ணீரும் விளக்கும் தாழ்ப்பாளுள்ள கதவும் அச்சமின்றி உறங்கும் இரவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவர் தங்கவில்லையே என்று குறைகூறும் ஊர், அவர் தங்கும்படி தான் என்ன செய்தது என்று ஒருகணம் எண்ணவேண்டும்.

கூரை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒருமுறை வேய்ந்த கூரை என்றென்றைக்கும் நிற்பதில்லை. புல் மக்கும், ஓட்டை விழும், அடுத்த மழைக்கு முன்னால் ஊரார் மறுபடியும் புல் அறுத்து வந்து ஏணி சார்த்தவேண்டும். சிட்டிலிங்கியின் முதல் வைத்தியசாலைக்கு வாய்த்தது அப்படிப்பட்ட கூரை. இன்று நாம் கட்டும் நிலையங்களுக்குக் கான்கிரீட் தளம் போடுகிறோம். அதனாலேயே, திறப்பு விழா முடிந்ததும் நம் வேலையும் முடிந்தது என்று வீடு திரும்பிவிடுகிறோம். தளம் எதனால் ஆனதாயினும் ஆகுக. ஆண்டுதோறும் ஏணி சார்த்திப் பார்க்கும் வழக்கத்தை ஓர் ஊர் கைவிடாதிருக்குமானால், அவ்வூரின் பெண்கள் டோலியில் ஏறி மலையிறங்கவேண்டிய நாள் வராது.